பொருத்தனை, காணிக்கை, மீட்பு: கடவுளுக்கு நேர்ந்ததைத் திரும்ப வாங்க முடியுமா? பழைய இஸ்ரவேலின் கணக்கு

“பைபிளில் ஆணுக்கு 50 வெள்ளி, பெண்ணுக்கு 30 வெள்ளி என்று விலை போட்டிருக்கிறது, பார்த்தீர்களா?” என்று ஒரு பதிவு அவ்வப்போது சுற்றி வரும். கீழே சண்டை நடக்கும். ஒரு பக்கம் ‘மனிதனை விற்ற மதம்’ என்பார்கள், மறுபக்கம் ‘அதெல்லாம் இயேசுவின் மீட்புக்கு நிழல், உங்களுக்குப் புரியாது’ என்பார்கள். இந்தச் சண்டையே வேண்டாம் என்கிற இன்னொரு கூட்டமும் உண்டு. பொருத்தனை (கடவுளுக்கு நேர்ந்துகொள்வது) பண்ணினால் கேட்டது கிடைக்கும், பிள்ளையில்லாத அன்னாளுக்குக் கிடைக்கவில்லையா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மூன்று பேரும் அங்குமிங்குமாக எடுத்துக்காட்டுவது பைபிளின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் 27ஆம் அதிகாரத்தை. அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தால் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது ஒரு கணக்கு அதிகாரம். 26ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தோடு புத்தகம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் இது பின்னிணைப்பு போல வந்து நிற்கும். கடவுளுக்கென்று சொல்லிவிட்ட ஒன்றைத் திரும்ப எடுக்கலாமா, எடுத்தால் எவ்வளவு கட்ட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதுதான் அங்கே பேச்சு. என் வாசிப்பில், அதன் விதிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. இன்னும் நேரச் சொல்லி யாரையும் தூண்டுவது அவற்றின் நோக்கமாகத் தெரியவில்லை. அவசரப்பட்டு வாயைத் திறக்கிறவனை நிறுத்தி யோசிக்க வைக்கிற வேலையைத்தான் அவை செய்கின்றன.

## நேர்ந்துவிட்ட கிடா

ஊரில் சாமிக்கென்று ஒரு கிடாக்குட்டியை நேர்ந்துவிட்டால் என்ன நடக்கும்? கிடா அதே தொழுவத்தில்தான் நிற்கும், அதே வீட்டுக்காரர்தான் தழை போடுவார், ஆனால் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்க முடியாது, விருந்தாளி வந்துவிட்டாரென்று அடித்துக் குழம்பு வைக்கவும் முடியாது. கிடா வீட்டில் இருக்கிறது, உரிமை வீட்டை விட்டுப் போய்விட்டது.

இஸ்ரவேலின் நேர்ச்சைச் சட்டம் முழுக்க இந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றியது. வாய் சொன்ன நேரத்துக்கும், சொன்னதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நேரத்துக்கும் நடுவில் என்னவெல்லாமோ நடக்கலாம். ஆடு நொண்டியாகலாம், மனம் மாறலாம், கையில் காசில்லாமல் போகலாம், ‘அப்படிச் சொல்லியிருக்கவே வேண்டாமே’ என்று தோன்றலாம். இது ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதிவைத்தார்கள்.

## வாக்கு எப்போது கடனாகிறது?

பொருத்தனை என்பது பெரும்பாலும் ‘நீர் இதைச் செய்தால் நான் இதைச் செலுத்துவேன்’ என்ற வடிவில் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. வீட்டைவிட்டு ஓடிவந்த யாக்கோபு பெத்தேலில் சொன்னது அப்படித்தான்: கூட இருந்து காப்பாற்றி, உண்ண அப்பமும் உடுக்க வஸ்திரமும் தந்து, தகப்பன் வீட்டுக்குப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினால், நீர் தருவதில் பத்தில் ஒரு பங்கு உமக்கு. சீலோவில் அன்னாள் சொன்னதும் இதே வடிவம்தான்: ஆண்பிள்ளை தந்தால் அவனை உமக்கே கொடுப்பேன்.

இந்தப் பழக்கம் இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதில்லை. சிரியாவின் கடற்கரையில் உகாரித் நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளில் கெரெத் என்ற அரசனின் கதை இருக்கிறது. பெண் எடுக்கப் போகிற வழியில் அவன் அஷேரா தேவிக்கு நேர்ந்துகொள்கிறான்: அந்தப் பெண் கிடைத்தால் அவள் எடைக்கு இரண்டு மடங்கு வெள்ளி, மூன்று மடங்கு பொன். பெண் கிடைக்கிறாள், அவன் மறந்துவிடுகிறான், தேவி மறக்கவில்லை, அரசன் படுத்த படுக்கையாகிறான். பலகைகளின் வயது 3200 வருஷத்துக்கு மேல். நேர்ந்துவிட்டு மறந்தால் என்ன ஆகும் என்ற பயம் அந்தப் பகுதி முழுக்க இருந்தது.

உபாகமம் 23ஆம் அதிகாரம் இதையே சட்டமாகச் சொல்கிறது. நேர்ந்தால் தாமதிக்காமல் செலுத்து, தாமதித்தால் அது பாவம். அடுத்த வசனத்தைத்தான் மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை: நேராமல் இருந்தால் உன்மேல் பாவமில்லை. பொருத்தனை யாருக்கும் கட்டாயம் இல்லை. பிரசங்கி 5ஆம் அதிகாரம் ஒருபடி மேலே போய், நேர்ந்து செலுத்தாமல் இருப்பதைவிட நேராமலே இருப்பது நல்லது என்கிறது.

பொருத்தனைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வகை உண்டு. அதற்கு உற்சாகக் காணிக்கை என்று பெயர், எந்த நிபந்தனையும் இல்லாமல் மனம் உவந்து கொடுப்பது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மிஷ்னா தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. (மிஷ்னா என்பது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பு. எருசலேம் ஆலயம் இடிந்தபிறகு எழுதப்பட்டாலும் ஆலயக் காலத்து நடைமுறைகளை நிறையப் பேசும்.) ‘ஒரு ஆடு செலுத்துவது என்மேல் கடன்’ என்று சொன்னால் அது பொருத்தனை. அதற்கென்று பிடித்துவைத்த ஆடு செத்தாலும் திருடு போனாலும் இன்னொன்று தந்தே ஆக வேண்டும், ஏனென்றால் கடன் ஆள்மேல் நிற்கிறது. ‘இதோ இந்த ஆடு காணிக்கை’ என்று சொன்னால் அது உற்சாகக் காணிக்கை. அந்த ஆடு செத்தால் கதை முடிந்தது, பொறுப்பு ஆட்டோடு போய்விடும்.

பலிபீடத்திலும் இந்த வேறுபாடு தெரியும். கால் நீளமோ குட்டையோ ஆன ஒரு மாட்டை உற்சாகக் காணிக்கையாகக் கொடுக்கலாம், பொருத்தனைக்கு அது செல்லாது என்று லேவியராகமம் 22 சொல்கிறது. தானாகக் கொடுப்பவனிடம் சற்று விட்டுக்கொடுக்கிறார்கள், கடன்பட்டவனிடம் விட்டுக்கொடுப்பதில்லை. மந்தையில் நல்ல கடா இருக்கும்போது அதை நேர்ந்துவிட்டு ஊனமானதைக் கொண்டுவருகிற ஏமாற்றுக்காரனை மல்கியா தீர்க்கதரிசி சபிக்கிறார். அப்படிச் செய்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஏன் கத்துகிறார்?

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: நேர்வது விருப்பம், நேர்ந்தபின் செலுத்துவது கட்டாயம். பொருத்தனையில் கடன் ஆள்மேல், உற்சாகக் காணிக்கையில் பொறுப்பு பொருள்மேல்.

## மாற்றிக் கொடுத்தால் இரண்டும் போச்சு

பலியிடத் தகுந்த ஒரு மிருகத்தை நேர்ந்துவிட்டால் அதற்கு மாற்று கிடையாது. நல்லதற்குப் பதில் மோசமானது கூடாது என்பது யாருக்கும் புரியும். மோசமானதற்குப் பதில் நல்லதையும் கொடுக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 27:10, அங்கேதான் பலரும் புருவத்தை உயர்த்துவார்கள். மீறி மாற்றினால் தண்டனை விசித்திரமானது: பழைய ஆடு, புது ஆடு இரண்டுமே பரிசுத்தமாகிவிடும், இரண்டையும் கொடுத்தாக வேண்டும்.

நல்லதைக் கொடுத்தால் ஆலயத்துக்கு லாபம்தானே, ஏன் தடை? 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடெஸ் இதற்குச் சொன்ன காரணம் மனிதனை நன்றாகத் தெரிந்தவர் சொல்கிற காரணம். தன் சொத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத்தான் மனம் சாயும், நேர்ந்தபிறகும் உள்ளுக்குள் வருத்தம் இருக்கும். நல்லதாக மாற்றலாம் என்று ஒரு வழி திறந்துவிட்டால், மோசமானதைக் கொண்டுவந்து ‘இதுதான் நல்லது’ என்று நிற்பான். அதனால் வழியையே அடைத்துவிட்டார்கள் என்கிறார்.

மந்தையின் தசமபாகத்திலும் இதே புத்திதான். கோலின் கீழ் ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடக்க, பத்தாவதாக வருவது பரிசுத்தம். அது கொழுத்ததா மெலிந்ததா என்று பார்க்கக் கூடாது, மாற்றக் கூடாது.

## மீட்பு: திரும்ப வாங்குவது

பலியிட முடியாத பொருளை நேர்ந்தால் என்ன செய்வது? கழுதையைப் பலிபீடத்தில் ஏற்ற முடியாது, வீட்டையும் முடியாது. இங்கேதான் மீட்பு வருகிறது. இந்தச் சட்டத்தில் மீட்பு என்றால், வேறொருவர் உரிமைக்குப் போய்விட்ட ஒன்றை விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது, அவ்வளவுதான். ஆத்துமா, நித்திய ஜீவன் எல்லாம் இந்த இடத்தில் இல்லை. பின்னால் வந்தவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து எடுத்துக்கொண்ட உருவகம் அது.

நடைமுறை எளிது. ஆசாரியன், அதாவது பலியும் ஆலயக் கணக்கும் பார்க்கிற குரு, பொருளை மதிப்பிடுவான். அவன் சொன்ன விலைதான் விலை. நேர்ந்தவனே திரும்ப வாங்க விரும்பினால் அந்த விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கட்ட வேண்டும். 10 சேக்கல் மதிப்புள்ள கழுதைக்கு 12 சேக்கல். (சேக்கல் என்பது வெள்ளியை நிறுக்கும் எடை, யூதேயாவில் தோண்டி எடுத்த எடைக்கற்களைப் பார்த்தால் ஏறக்குறைய 11 கிராம்.) ரபிகள், அதாவது பிற்கால யூதச் சட்ட ஆசிரியர்கள், இந்த ஐந்தில் ஒன்றை வேறு மாதிரி கணக்கிட்டார்கள். கட்டுகிற மொத்தத் தொகையில் ஐந்தில் ஒன்று என்று எடுத்துக்கொண்டதால் 12 என்பது 12.5 ஆனது.

இந்தக் கூடுதலை யார் கட்ட வேண்டும் என்று பாருங்கள். நேர்ந்தவன் மட்டும்தான். வேறொருவர் வந்து அந்தக் கழுதையை வாங்கினால் மதிப்பிட்ட விலை போதும். இதற்குப் பக்கத்தில் அதே லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தை வையுங்கள். வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக அவன் நெருங்கிய உறவினன் வந்து மீட்கும்போது இந்த ஐந்தில் ஒன்று கிடையாது. எரேமியா தீர்க்கதரிசி அப்படித்தான் வாங்கினார். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் தகப்பனுடன் பிறந்தவரின் மகன் அனாமெயேல் வந்து அனாதோத் நிலத்தை மீட்டுக்கொள் என்று கேட்க, 17 சேக்கல் நிறுத்துக் கொடுத்தார். கஷ்டத்தில் இழந்தவனுக்கு அபராதம் இல்லை, தன் வாயால் கொடுத்துவிட்டு மனம் மாறியவனுக்கு உண்டு.

இதிலும் ஓட்டை போட்டவர்கள் இருந்தார்கள். மிஷ்னாவில் ஒரு சின்ன சம்பவம் வருகிறது. ஒருவன் தன் நிலம் மட்டமானது என்பதால் அதை ஆலயத்துக்கு நேர்ந்துவிட்டான். மீட்கும்போது விலையை நீயே முதலில் சொல் என்றார்கள், சொந்தக்காரன்தானே ஐந்தில் ஒன்று கூட்டித் தருவான் என்ற ஆசை. அவன் ‘ஒரு இஸ்ஸாருக்கு எனக்கே’ என்றான். இஸ்ஸார் ஒரு செப்புக்காசு. வேறு யாரும் ஏலம் கேட்கவில்லை. ‘சரி, உனக்கே’ என்று அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள். போனது ஒரு காசு, நிலம் முன்னால் இருந்த மாதிரியே அவன் முன்னால் கிடக்கிறது என்று மிஷ்னா முடிக்கிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிய மாதிரி.

## ஆளை நேர்ந்தால்: அந்த 50, 30 கணக்கு

இப்போது சண்டைக்குக் காரணமான இடத்துக்கு வருவோம். ஒருவன் தன்னையோ தன் வீட்டு ஆளையோ கடவுளுக்கு நேர்ந்துகொண்டால் என்ன செய்வது? எல்லோரும் போய் ஆலயத்தில் வேலை செய்ய முடியாது, அது லேவியர் என்ற ஆலயப் பணிக் குலத்தின் பொறுப்பு. நரபலியோ இந்தச் சட்டத்தில் இல்லை. அதனால் ஆளுக்குப் பதிலாக ஒரு தொகை.

20 வயதிலிருந்து 60 வரை ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30. 5 முதல் 20 வரை 20, 10. ஒரு மாதம் முதல் 5 வயது வரை 5, 3. 60க்கு மேல் 15, 10. ஒரு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தொகை இல்லை.

யாரும் விற்கப்படவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நேர்ந்தவன் பணத்தைக் கட்டுகிறான், நேரப்பட்டவர் அதே வீட்டில் அதே மாதிரி இருக்கிறார். பணம் ஆலயத்துக்குப் போகிறது. யோவாஸ் அரசன் காலத்தில் இந்த மதிப்பீட்டுப் பணத்தையும் சேர்த்துத்தான் ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொன்னார்கள், ஆசாரியர்கள் வேலையை இழுத்தடித்ததால் யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியின் மூடியில் துளை போட்டுப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார் என்று இரண்டாம் இராஜாக்கள் 12 சொல்கிறது.

அடுத்தது, தொகை வயதையும் பாலையும் மட்டும் பார்க்கிறது. அழகு, பலம், சாதித்தது, பிறந்த குடும்பம் எதற்கும் அதில் இடமில்லை. இஸ்ரவேலிலேயே அழகானவனை நேர்ந்தாலும் அவலட்சணமானவனை நேர்ந்தாலும் 50தான் என்கிறது மிஷ்னா. ‘இவனுடைய விலை என்மேல் கடன்’ என்று சொன்னால் மட்டுமே சந்தையில் அவன் எவ்வளவு போவான் என்று பார்க்க வேண்டும், அது வேறு வகை நேர்ச்சை. மூன்றாவது வகையும் உண்டு. தன் மகளின் எடைக்கு எடை தருவதாக நேர்ந்துகொண்ட ஒரு தாய் எருசலேமுக்கு வந்து, மகளைத் தராசில் நிறுத்தி, அந்த எடைக்குப் பொன் கொடுத்தாள் என்று அதே தொகுப்பில் வருகிறது. துலாபாரம் பார்த்து வளர்ந்த நமக்கு அது அப்படியே கண்முன் தெரியும்.

அப்புறம் ஏழைக்கு என்ன வழி? தொகை அவன் சக்திக்கு மீறினால் ஆசாரியன் முன் நிற்க வேண்டும், அவனால் முடிந்ததைப் பார்த்து ஆசாரியன் குறைப்பான். மிஷ்னா இதற்குக் கீழ் எல்லை ஒரு சேக்கல் என்று வைக்கிறது.

சரி, ஆண் பெண் வித்தியாசம்? அதை மழுப்ப வேண்டியதில்லை. பட்டியல் உடலுழைப்பின் மதிப்பை ஒட்டிப் போடப்பட்டது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. யோசேப்பை அண்ணன்மார் விற்றபோது அவனுக்கு வயது 17, விலை 20 வெள்ளி. பட்டியலில் அந்த வயது ஆணுக்கு இருப்பதும் 20. அன்றைய அடிமைச் சந்தையின் சாயல் அந்த எண்களில் இருக்கிறது, பெண்ணின் உழைப்பைக் குறைத்துப் பார்த்த சமூகத்தின் சாயலும் இருக்கிறது. ஒரு சுவாரசியம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 60 தாண்டியதும் ஆணின் தொகை 50லிருந்து 15க்கு இறங்குகிறது, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெண்ணுக்கு 30லிருந்து 10, சரியாக மூன்றில் ஒன்று. இது ஏன் என்று தல்மூது (மிஷ்னாவின் மேல் எழுந்த பெரிய விவாதத் தொகுப்பு) கேட்டு, ஒரு பழமொழியைப் பதிலாகச் சொல்கிறது: வீட்டில் கிழவன் இருந்தால் உடைசல், கிழவி இருந்தால் புதையல்.

## வயல் கணக்கு

வயலை நேர்ந்தால் கணக்கு கொஞ்சம் நீளும். இஸ்ரவேலில் பரம்பரை நிலத்தை நிரந்தரமாக விற்க முடியாது, 50ஆம் வருஷமான யூபிலியில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். அதனால் ஆலயத்துக்குக் கிடைப்பது நிலம்கூட இல்லை, யூபிலி வரைக்குமான விளைச்சல்தான். ஒரு ஹோமர் (தானியம் அளக்கும் ஓர் அளவு) வாற்கோதுமை விதைக்கிற அளவு நிலத்துக்கு முழுச் சுற்றுக்கு 50 சேக்கல், ஏறக்குறைய வருஷத்துக்கு ஒன்று. யூபிலிக்கு இன்னும் 20 வருஷம் இருக்கிறது என்றால் சுமார் 20 சேக்கல், மீட்பவன் ஐந்தில் ஒன்று கூட்டி 24 கட்டுவான். மண் வளமா கரம்பா என்ற பேச்சே இல்லை.

மீட்காமல் விட்டு அந்த வயல் வேறொருவனுக்கு விற்கப்பட்டிருந்தால், யூபிலியில் அது குடும்பத்துக்குத் திரும்பாது, ஆசாரியருக்குப் போய்விடும். பிறரிடம் வாங்கிய வயலை நேர்ந்திருந்தால் அது மூலச் சொந்தக்காரனுக்கே திரும்பும், அடுத்தவன் பூமியை நீ தானம் பண்ண முடியாதே.

மறுபடி ஒரு நிமிஷம் நின்று பார்த்தால்: பலிக்கு உகந்த மிருகத்துக்கு மாற்றும் இல்லை, மீட்பும் இல்லை. உகந்ததல்லாத மிருகம், வீடு, பரம்பரை வயல் ஆகியவற்றை ஐந்தில் ஒன்று கூட்டி மீட்கலாம். ஆளுக்குக் கட்டித் தொகை.

## மீட்கவே முடியாதது, நேரவே முடியாதது

இரண்டு ஓரங்கள் மிச்சமிருக்கின்றன. ஒன்று தமிழ் வேதாகமம் சாபத்தீடு என்று சொல்வது: முழுக்கக் கடவுளுக்கென்று ஒப்படைத்து, மனிதப் பயன்பாட்டிலிருந்தே விலக்கிவிடுவது. அதை விற்கவும் முடியாது, மீட்கவும் முடியாது. போரில் பிடித்த எரிகோ நகரத்தில் அப்படி விலக்கப்பட்டதை ஆகான் என்பவன் எடுத்து ஒளித்துவைத்துத்தான் மாட்டிக்கொண்டான். பக்கத்து நாடான மோவாபிலும் இது இருந்தது. 1868இல் யோர்தானின் திபானில் கண்டெடுக்கப்பட்ட மேசா அரசனின் கல்வெட்டில் இதற்கான எபிரெயச் சொல்லே வருகிறது.

இன்னொன்று தலைச்சன். மிருகத்தின் முதல் ஈற்றைப் பொருத்தனையாக நேர முடியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே கடவுளுடையது. மனிதத் தலைச்சனும் அப்படித்தான், எகிப்தில் தலைச்சன்கள் மடிந்த இரவில் இவர்கள் தப்பியதால் என்பது காரணம். அவனை 5 சேக்கலுக்கு மீட்டாக வேண்டும், இதில் விருப்பம் என்ற பேச்சே கிடையாது. எண்ணாகமம் 3இல் தலைச்சன்களுக்குப் பதிலாக லேவியரை எடுத்துக்கொள்கிறார்கள். தலைச்சன்கள் 22,273 பேர், லேவியர் 22,000 பேர். மிச்சம் 273 பேருக்குத் தலைக்கு 5 வீதம் 1,365 சேக்கல் வசூல். இதைப் பொருத்தனையோடு குழப்பிப் பேசுவது நிறைய நடக்கிறது. குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது செலுத்திய புறாக்கள்தான் தலைச்சன் மீட்பு என்பதும் அதே குழப்பம். அது பிரசவத்துக்குப் பின் தாயின் சுத்திகரிப்புக்கானது, ஆட்டுக்கு வசதியில்லாத குடும்பத்துக்கு லேவியராகமம் 12 அனுமதித்த பலி.

## சொன்னதே தவறானால்?

போர்த்தலைவன் யெப்தாவின் கதை எல்லோருக்கும் தெரியும். ஜெயித்துத் திரும்பும்போது வீட்டு வாசலிலிருந்து முதலில் எது வருகிறதோ அதைச் சர்வாங்க தகனபலியாக, அதாவது முழுதும் எரிக்கும் பலியாகக் கொடுப்பேன் என்றான், ஒரே மகள் நடனமாடிக்கொண்டு வந்தாள். ‘அவளை 10 சேக்கலுக்கோ 30 சேக்கலுக்கோ மீட்டிருக்கலாமே’ என்று இன்று கேட்கிறோம். பழைய ரபிகளும் கேட்டார்கள். பணம் கட்டியிருந்தால் போதும் என்றார் ரபி யோகனான். பணம்கூட வேண்டாம், அப்படி ஒரு நேர்ச்சையே செல்லாது என்றார் ரேஷ் லாக்கிஷ். பின் ஏன் யாரும் அவளைக் காப்பாற்றவில்லை? பிரதான ஆசாரியன் பினெகாஸ் அதை அவிழ்த்திருக்கலாம் என்கிறது அவர்களின் விளக்கம். ஆனால் ‘பிரதான ஆசாரியனான நான் இந்தப் பாமரனிடம் போவதா’ என்று அவர், ‘தலைவனான நான் அவரிடம் போவதா’ என்று இவன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெண் போய்ச்சேர்ந்தாள்.

எண்ணாகமம் 30இல் நேர்ச்சையை ரத்து செய்ய எழுத்தில் உள்ள வழி குடும்பத்துக்குள் மட்டும் இருக்கிறது. தகப்பன் வீட்டில் இருக்கும் பெண்ணின் நேர்ச்சையைத் தகப்பனும், மனைவியின் நேர்ச்சையைக் கணவனும் ரத்து செய்யலாம். ஆனால் கேள்விப்பட்ட அன்றே செய்ய வேண்டும். அன்றைக்குப் பேசாமல் இருந்தால் அது சம்மதம். பிறகு தடுத்தால் அந்தக் குற்றம் அவன் தலையில். விதவையும் தள்ளப்பட்டவளும் நேர்ந்தால் அது அப்படியே நிற்கும், யாரும் தொட முடியாது. பெண்ணைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்பதில் சந்தேகமில்லை. குடும்பச் சொத்து யார் கையில் இருந்தது என்பதையும் அது அப்படியே காட்டிக்கொடுக்கிறது.

ஆண் தன் நேர்ச்சையிலிருந்து எப்படி வெளியே வருவது என்று தோராவில் (மோசேயின் ஐந்து புத்தகங்களில்) வழி இல்லை. ரபிகள் ஒரு வழி செய்தார்கள்: அறிஞர் ஒருவர் முன் போய், ‘இப்படி ஆகுமென்று தெரிந்திருந்தால் நேர்ந்திருப்பாயா’ என்று அவர் கேட்க, ‘மாட்டேன்’ என்று சொன்னால் அவர் அவிழ்த்துவிடலாம். இதற்கு வேதத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டால் மிஷ்னா மறைக்கவில்லை. நேர்ச்சையை அவிழ்க்கும் விதிகள் காற்றில் பறக்கின்றன, சாய்ந்துகொள்ள எதுவுமில்லை என்று தானே எழுதிவைத்திருக்கிறது.

அந்த வழி தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஆலயத்தின் கடைசிக் காலத்தில் நேர்ச்சை வேறொரு வேலைக்கும் பயன்பட ஆரம்பித்தது. ‘உனக்கு என்னால் வரக்கூடியதெல்லாம் கொர்பான்’ என்று ஒருவன் சொல்லிவிட்டால், அதாவது அது கடவுளுக்கான காணிக்கை மாதிரி உனக்கு விலக்கு என்று அறிவித்துவிட்டால், பெற்ற தாய் தகப்பனுக்குக்கூட அவன் பொருளில் ஒன்றும் கிடைக்காது. மாற்கு 7இல் இயேசு கண்டிப்பது இதைத்தான். எருசலேமுக்கு அருகே கிடைத்த ஒரு எலும்புப் பெட்டியின் மூடியிலும் இந்தச் சொல் அரமேய எழுத்தில் இருக்கிறது: இந்தப் பெட்டியில் எவன் என்ன லாபத்தைக் கண்டாலும் அது உள்ளே இருப்பவரிடமிருந்து கடவுளுக்குக் கொர்பான். கல்லறைத் திருடனுக்குப் பூட்டைவிட நேர்ச்சை நல்ல காவல் என்று நம்பியிருக்கிறார்கள்.

## ஆலயம் போனபின்

கி.பி. 70இல் ரோமர் ஆலயத்தை இடித்ததும் மதிப்பிட ஆசாரியன் இல்லை, பலிபீடமும் இல்லை. வயலும் வீடும் நேர்கிற கணக்கெல்லாம் பாடத்தோடு நின்றுவிட்டது. நின்றுபோகாதது தலைச்சன் மீட்பு, ஏனென்றால் அதற்கு ஆலயம் வேண்டாம், ஆசாரிய வம்சத்தில் வந்த ஒருவர் போதும். இன்றும் பழக்கத்தைக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பங்களில், தலைச்சன் பிறந்து ஒரு மாதம் கடந்ததும் அவரை அழைத்து ஐந்து வெள்ளி நாணயம் கொடுக்கிறார்கள். ‘மகன் வேண்டுமா, இந்த ஐந்து காசு வேண்டுமா’ என்று அவர் கேட்பார், தகப்பன் காசை நீட்டுவார். ஆசாரிய, லேவியக் குடும்பங்களுக்கு இது கிடையாது. சிசேரியனில் பிறந்த குழந்தைக்கும் கிடையாது, கர்ப்பத்தைத் திறந்து வருவதுதான் என்னுடையது என்று யாத்திராகமம் 13இல் எழுதியிருப்பதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறார்கள்.